இருக்கியா

"ஐஸ்!" என்று மேலிருந்து வாரன் கத்தினான். ஜோலீன் சட்டென்று முகத்தைப் பாறையோடு ஒட்டி, தோள்களை ஒடுக்கி, தலைக்கவசத்துக்குள் உடம்பு முழுவதையும் மறைத்துக்கொள்ள முடியும் என்பதுபோலக் குறுகி நின்றாள்.

ஒன்றும் விழவில்லை.

விழுகிற பனிக்கட்டியைக் காற்று சில சமயம் வேறு பக்கம் தள்ளிக்கொண்டு போகும். அப்போதும் எங்கோ கீழே, மரங்களுக்கு நடுவில், அது உடையும் ஓசையாவது வந்து சேரும். இம்முறை அதுவும் இல்லை. யோசெமிட்டிப் பள்ளத்தாக்கு முழுவதும் காது அடைத்ததுபோல் கிடந்தது.

"இருக்கேன்!" என்றாள். வாரனின் இடுப்பில் கட்டிய நீலக் கயிறு அவள் கை வழியாக மெல்ல மேலே நகர்ந்தது.

அது அவர்களுடைய வழக்கம். மேலே ஏறுகிறவன் ஐஸ் என்று கத்துவான். கீழே பாறையில் அடித்த ஆணியில் தன்னைக் கட்டிக்கொண்டு கயிறு விடுகிறவள் அண்ணாந்து பார்க்காமல் பாறையைக் கட்டிக்கொள்வாள். எல்லாம் விழுந்து முடிந்ததும் இருக்கேன் என்பாள். அந்தச் சொல் வராமல் அவன் கால் நகராது. வீட்டில் தட்டைக் கீழே போட்டாலும் வாரன் சமையலறையிலிருந்து ஐஸ் என்று கத்துவான். படுக்கையறையிலிருந்து அவள், தூக்கத்தில்கூட, இருக்கேன் என்பாள்.

காலையில் பாறைச்சுவரின் நடுவே, ஆணியில் மாட்டிய தொங்கு கட்டிலில் கால்களை வெளியே விட்டபடி காப்பி குடிக்கும்போது அவள் சொல்லிப் பார்த்தாள்.

"இறங்கிடலாம் வாரன். உச்சி விளிம்பு முழுக்க எப்படி வெள்ளையா அப்பியிருக்கு பாரு. வெயில் பட்டா அத்தனையும் உரிஞ்சு வரும்."

"வெயில் வர்றதுக்குள்ள அந்தக் கூரைப்பாறைக்கு அடியில போயிடுவோம். அப்புறம் மேலேர்ந்து கரடியே விழுந்தாலும் நம்ம மேல படாது."

"உனக்கென்ன, மேல போறவன். கீழ நின்னு வாங்கிக் கட்டிக்கிறவ நான்தானே."

"அதான் கத்துறேன்ல? பத்து வருஷத்துல ஜோன்னு உன்னைக் கூப்பிட்டதவிட ஐஸ்னு கத்துனதுதான் அதிகம்."

அவள் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பையே அவன் சம்மதமாக எடுத்துக்கொண்டு காலணியை மாட்டினான்.

இப்போது வெயில் உச்சி விளிம்பைத் தொட்டிருந்தது. இரவெல்லாம் கசிந்து உறைந்த தண்ணீர், வாசல் கதவு அகலத்துக்குப் பாளம் பாளமாகப் பாறையில் ஒட்டியிருக்க, அதற்குள்ளிருந்து மெல்லிய விரிசல் ஓசை, பக்கத்து அறையில் யாரோ கண்ணாடிக் குவளைகளை ஒவ்வொன்றாக எடுத்து வைப்பதுபோல, விட்டுவிட்டுக் கேட்டது. ஈரக்கல்லின் இரும்பு வாடை மூக்கில் ஏறியது. வெளிச்சத்தைப் பார்த்துப் பயப்படும் நாளும் வரும் என்று அவள் நினைத்ததில்லை.

"ஐஸ்!"

சில்லுகள் விசிலடித்துக்கொண்டு போயின. "இருக்கேன்!"

"ஐஸ்! ஜோ, ஐஸ்!"

பெயரைச் சேர்த்துக் கத்துகிறான் என்று அவள் நினைத்து முடிப்பதற்குள் சுவர் அதிர்ந்தது. கண்ணை இறுக மூடினாள். காற்று அவளைப் பிய்த்து இழுத்தது, ஆணியில் கட்டிய வார் முறுகியது, பனித்தூள் கழுத்துக்குள் இறங்கியது. எல்லாவற்றுக்கும் நடுவில் ஏதோ ஒன்று மிக அருகில் கடந்து போயிற்று. அது விசிலடிக்கவில்லை. காற்றில் துணி அடித்துக்கொள்வதுபோல் படபடத்தது. அவள் தோளை உரசிவிட்டுப் போனது.

பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது என்றுதான் பழகியிருந்தாள்.

பிறகு அமைதி. கையில் கயிறு கனமில்லாமல் கிடந்தது.

"இருக்கியா?"

மேலிருந்து. வாரனின் குரல்தான்.

"இருக்கேன்" என்றது அவள் வாய்.

சொன்ன பிறகுதான் உறைத்தது. வாரன் இப்படிக் கேட்டதே இல்லை. ஒரு தடவைகூட. அவன் காத்திருப்பான்.

கயிறு மேலே போகத் தொடங்கியது. ஏறுகிறவன் இழுக்கும் கயிறு நின்று நின்று போகும். பிடி தேடும், மூச்சு வாங்கும். இது ஒரே சீராகப் போனது. கிணற்றிலிருந்து வாளி இழுப்பதுபோல.

"வாரன், கூரைக்கு அடியில போயிட்டியா?"

கயிறு நிற்காமல் நகர்ந்துகொண்டே இருந்தது.

"கரடி கிரடி ஏதும் விழுந்துச்சா?" குரல் உடைந்தது. "சிரியேன்டா."

"வா, ஜோலீன்."

அவன் வாயிலிருந்து அந்த முழுப்பெயரை அவள் கேட்டதே இல்லை, கல்யாணத்தன்று பாதிரியார் முன்னால் தவிர.

அவள் குனிந்தாள். காலணிகளுக்கு இடையே வெகு ஆழத்தில், கரிய மரங்களின் ஓரம், வெள்ளைப் பனி. பனியில் ஓர் ஆரஞ்சுப் புள்ளி. வாரனின் மேற்சட்டை. புள்ளியிலிருந்து ஒரு நீல இழை. கொஞ்ச தூரம்தான். அதற்குமேல் இல்லை.

அறுந்த கயிறு.

அப்படியானால் மறுமுனை இங்கே, அவள் பக்கம் தொங்க வேண்டும்.

தொங்கவில்லை.

அண்ணாந்து பார்த்தாள். வெயில் கண்ணைக் குத்தியது. நீலக் கயிறு நேராக ஏறி, கூரைப்பாறையின் நிழலுக்குள் போனது. விறைப்பாக.

ஓர் இழுப்பு.

இன்னொன்று.

மூன்றாவது.

மேலே கட்டியாயிற்று, அவிழ்த்துக்கொண்டு ஏறி வா. மூன்று இழுப்புக்கு வேறு அர்த்தம் கிடையாது. பத்து வருடங்களாக அவள் கை அறிந்தது.

"ஐஸ்" என்றது குரல். மெதுவாக. கொஞ்சுவதுபோல.

ஒன்றும் விழவில்லை.

"இருக்கியா?"

உதட்டைக் கடித்துக்கொண்டாள். ரத்தம் கரித்தது. வாய் அடங்கியது. அப்போதுதான் இடுப்புக்குக் கீழே அந்தச் சின்னக் கிரீச்சொலி கேட்டது.

அவள் வலது கை, அவளைக் கேட்காமலே, ஆணியில் தன்னைப் பிணைத்திருந்த கொக்கியின் திருகைக் கழற்றிக்கொண்டிருந்தது.