பிலோமினாவின் இடுப்பெலும்பு

காபிக்கு முன்னால் கைக்குழாய். நிலாக் குடியிருப்பில் எல்லா வீட்டிலும் அதுதான் முதல் வேலை. பிலோமினாவும் அவள் கணவர் சவரிநாயகமும் அருகருகே உட்கார்ந்து, இருவர் கை நரம்பையும் இணைக்கும் குழாயை மாட்டிக்கொண்டார்கள். அவருடைய ரத்தத்தின் காவல் அணுக்கள் அவளுக்குள், அவளுடையவை அவருக்குள். உடம்பின் எடை குறைந்துபோகும் இந்த மண்ணில் எலும்பைத் தின்னும் அணுக்களுக்குக் கொண்டாட்டம். சொந்தக் காவல் அணுக்கள் சோம்பிக் கிடக்கும். துணையிடமிருந்து வருபவைதான் தின்னணுக்களை அடக்கி வைக்கும்.

அன்று பூமிப் பயணத்துக்கான பரிசோதனையில் மருத்துவர் ரஹீமா திரையைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"பிலோமினாம்மா, இடுப்பெலும்பு அரிச்சுப் போயிருக்கு. இதோட பூமிக்குப் போனா, கப்பலை விட்டு இறங்கும்போதே முறிஞ்சிரும்."

"மக பிரசவத்துக்குப் போயே ஆகணும் டாக்டர். ஒருநாள்கூடக் குழாய் தவறலையே!"

"உங்க அணுக்கள் சாதுவாத்தான் இருக்கு. அவரோடதுதான் கொதிச்சுக் கிடக்கு. உடம்புல எங்கயாவது சீழ் வச்சா அப்படித்தான். அங்க கிருமியோட சண்டை போட்டுட்டு, அதே ஆவேசத்துல உங்களுக்குள்ள வந்து, தின்னணுக்களை ஏவி விட்டிரும். அவருக்கு ஏதும் புண்ணா?"

"அவருக்கா? கல்லு மாதிரில்லா இருக்காரு."

சொல்லிவிட்டாளே தவிர, வீடு வரும்வரை ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. கொஞ்ச நாளாக மனிதர் முறுக்கைக் காபியில் முக்கித்தான் தின்கிறார்.

வந்ததும் கடலைமிட்டாயை நீட்டினாள்.

"மக அனுப்புனது. கடிங்க."

"பிறகு தின்னுக்கிடுதேன்."

"இப்பவே. வலது பக்கமா."

"ஏட்டி, என்ன போலீஸ்காரி மாதிரி?"

"வாயத் திறங்க!"

திறந்தார். கடைவாய் ஈறு வீங்கிப் பழுத்திருந்தது.

"பல்லுதானேன்னு விட்டுட்டேன்."

"சீழ் வச்சா என் எலும்பு அரிக்கும்னு தெரியாதா?"

"தெரியும். சொன்னா குழாயைப் பிரிச்சிருவாங்களேன்னு ஒரு பயம்."

"எப்பத்திலேர்ந்து வலிக்கு? நான் டிக்கெட் எடுக்கதுக்கு முன்னாலயா, பின்னாலயா?"

சவரிநாயகம் மிட்டாயை விரலில் உருட்டினார். "நீ போனா திரும்பி வரமாட்ட பிலோமி."

"நான் கேட்டது அது இல்ல."

"நாளைக்கே பிடுங்கிருதேன்."

பிடுங்கினார்கள். கப்பல் அவளை விட்டுவிட்டுப் போனது. மகளுக்குப் பிரசவமாகி, பிள்ளைக்குப் பெயரும் வைத்தாயிற்று. அதுவரை குழாய் மாட்டவில்லை. அவர் அணுக்கள் சுத்தம் என்று ஒருநாள் திரை சொன்னது.

"இனி பழையபடி அணுக்களை மாத்திக்கலாம்," என்றார் ரஹீமா.

பிலோமினா கணவரைப் பார்க்கவில்லை.

"என்னோடத அவருக்குக் குடுங்க டாக்டர். அவரு எலும்பு கெட்டியா இருக்கட்டும். எனக்கு மட்டும் வேற யாரையாவது பாருங்க."