அடுப்பு எரியாத வீட்டு ரொட்டி

ரொட்டிப் பெட்டி மாவு பிசைவதை நிறுத்திவிட்டது. பிசைகிற சத்தம் மட்டும் நிற்கவில்லை.

பரக்கத் நிஷா சமையலறை வாசலில் அசையாமல் நின்று கேட்டாள். மாவு உப்பி வரவேண்டிய நேரம் இது. பெட்டி சும்மாதான் இருந்தது. ஆனாலும் ஈர மாவைப் பலகையில் அடித்து, மடித்து, உள்ளங்கையால் தள்ளுகிற சத்தம் வீட்டின் பின்பக்கமிருந்து, அவளுடைய நாத்தனார் மைமூனின் அறைப் பக்கமிருந்து, அவசரமில்லாமல் வந்துகொண்டிருந்தது. அக்கம்பக்கத்தில் யாரோ துணி துவைக்கிறார்கள் என்று மனசைத் தேற்றிக்கொண்டாள். மத்தியானம் மூன்று மணிக்கு, திருச்சுழி வெயிலில், குழாயில் சொட்டுத் தண்ணீர் வராத பங்குனியில் எந்தப் புண்ணியவதி துணி துவைப்பாள் என்று அதே மனசு திருப்பிக் கேட்டது.

கரண்டில் தானே மாவு பிசைந்து ரொட்டி சுடுகிற அந்தப் பெட்டி ஜித்தாவிலிருந்து வந்து ஒரு மாதம் ஆகிறது. அங்கே வேலை பார்க்கும் அவள் கணவன் நவாஸ், செய்முறையைக் கேசட்டில் பேசி அனுப்பியிருந்தான். "மொதல்ல தண்ணி, அதுக்கு மேல மைதா, நடுவுல குழி பறிச்சு ஈஸ்ட்டு. ஈஸ்ட்டுல தண்ணி பட்றக் கூடாது நிஷா." முதல் தடவை ஈஸ்ட் கிடைக்காமல் இட்லி மாவை ஊற்றினாள், அம்மிக்கல் வந்தது. இரண்டாவது தடவை தண்ணீர் கூடி, நடுவில் குழி விழுந்தது. நவாஸின் அக்கா மைமூன் படுக்கையில் கிடந்தபடியே இரண்டையும் பார்த்துச் சிரித்தாள். பிள்ளையில்லாதவள். தன்னை மாமி என்று கூப்பிடும் நிஷாவின் நான்கு வயது மகள் ஆஃப்ரினைத் தன் பக்கத்தைவிட்டு நகர விடமாட்டாள்.

அந்த மைமூன் முந்தாநாள் மௌத்தாகிப் போனாள். அடக்கம் முடிந்ததும் எதிர்வீட்டுச் சந்தனம்மாள்தான் சொல்லிவிட்டுப் போனாள். "மூணு நாளைக்கி அடுப்பப் பத்த வச்சிராத தாயி. சோறு எங்க வீட்ல இருந்து வரும். அடுப்பு எரிஞ்சா, நமக்கும் சோறு ஆக்குறாகன்னு போனவுக திரும்பிருவாக."

நிஷாவுக்கும் அது தெரிந்ததுதான். ஆனால் ஆஃப்ரின் இரண்டு நாளாகச் சோற்றை வாயில் வைக்கவில்லை. ஊட்டினால் துப்பினாள். உதடு வெடித்து, கண் உள்ளே போய்விட்டது. இன்று காலையில்தான் முதல்முறையாக வாய் திறந்து, "ரொட்டி வேணும்மா" என்றாள். பெற்ற வயிறு சும்மா இருக்குமா? அருப்புக்கோட்டை பேக்கரியில் வாங்கிய ஈஸ்ட் டப்பாவில் இருந்தது. தீயில்லை, புகையில்லை, வெறும் சுவிட்சுதானே, இது அடுப்புக் கணக்கில் சேராது என்று தனக்குத்தானே வக்கீல் பேசி, பெட்டியைப் போட்டுவிட்டாள்.

நான்கு மணிக்கு மேல் உள்ளே சூடு ஏறியது. முதலில் மாவின் புளிப்பு, பிறகு சீனி கருகுகிற இனிப்பு, கடைசியில் மேல்தோல் சிவக்கிற முழு மணம். கருவேலங்கரி மூட்டம் புகையும் ஊரில் யாரும் மோந்து பார்த்திராத மணம். முன்னறையில் பாயில் படுத்திருந்த ஆஃப்ரினைத் தாண்டி, சாத்தியிருந்த மைமூன் அறைக்கதவின் அடியிடுக்கு வரைக்கும் அது போயிற்று. அப்போதுதான் பிசைகிற சத்தம் நின்றது. அது நின்றதில் அவளுக்கு நிம்மதி வரவில்லை.

சந்தனம்மாள் தூக்குச்சட்டியோடு வந்தவள், வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

"என்னத்தா வாசம் இது?"

"கரண்டுல வச்ச ரொட்டிக்கா. பிள்ள கேட்டுச்சு. அடுப்பு பத்த வைக்கல."

"வீட்டுக்குள்ள வாசம் வந்துருச்சுல்ல. போனவுகளுக்கு அடுப்பு என்ன, கரண்டு என்ன." சட்டியைப் படியிலேயே வைத்தாள். நிஷாவின் தோளுக்கு மேலாக உள்ளே எட்டிப் பார்த்தவளின் முகம் வெளுத்தது. "பிள்ளையத் தூக்கிக்கிட்டு இப்பவே எங்க வீட்டுக்கு வந்துரு."

என்னத்தைப் பார்த்தாள் என்று கேட்பதற்குள் தெருவைக் கடந்துவிட்டாள்.

நிஷா ஓடிப்போய் பிளக்கைப் பிடுங்கினாள். பயம் வந்துவிட்டது, இனி மறைத்துப் பிரயோஜனமில்லை. மூடியின் கண்ணாடியில் நீராவி அப்பியிருந்தது. அதைத் துடைத்து உள்ளே பார்த்தாள்.

மாவு போட்ட வாளி காலி.

உள்ளே பிசைகிற தகடு மட்டும் நின்றது. ஒரு பொருக்குகூட இல்லை. மூடியைத் திறந்தவர்கள் யாருமில்லை. அவள் வாசலில் நின்றது இரண்டு நிமிடம்.

முன்னறைக்கு ஓடினாள். பாய் இருந்தது. தலையணை இருந்தது. பிள்ளை இல்லை.

பின்னாலிருந்து சிரிப்பு. ஆஃப்ரினுடைய சிரிப்பு, இரண்டு நாளைக்குப் பிறகு.

"போதும் மாமி."

பிறகு மறுபடியும், வாய் நிறைய வைத்துக்கொண்டு பேசுகிற குரல்.

"வயிறு நெறஞ்சிருச்சு மாமி."

"ஆஃப்ரின்," என்றாள் நிஷா. கதவைத் தள்ளினாள். திறந்துகொண்டது. ஜன்னல் சாத்திய அறை. பகல் வெளிச்சம் கீற்றாக விழுந்தது. சூடான ரொட்டி மணம். வேறு யாருமில்லை.

மைமூன் கிடந்த கட்டிலில் ஆஃப்ரின் மல்லாந்து கிடந்தாள். நேராக. கைகள் உடம்போடு ஒட்டி. கண் மூடியிருந்தது. தாடை மட்டும் மெதுவாக மென்றுகொண்டிருந்தது.

உயிர் இருக்கிறது. பிள்ளை மெல்லுகிறாள். அல்லாவே, உயிர் இருக்கிறது. அள்ளித் தூக்கக் குனிந்தாள்.

இரண்டு கால் பெருவிரல்களும் சேர்த்து வெள்ளைத் துணிக்கீற்றால் கட்டப்பட்டிருந்தன. நிஷா பார்த்துக்கொண்டிருக்கும்போதே, முடிச்சு இன்னும் கொஞ்சம் இறுகியது.