பாய்மரத்தின் அடிக்கட்டை

குத்தூசியை வெளியே இழுத்ததும் ஓட்டை தானாக மூடிக்கொண்டது.

தச்சன் கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி குத்தினான். மக்கிய மரமென்றால் குத்திய ஓட்டை அப்படியே நிற்கும். நல்ல மரமென்றால் ஊசியே இறங்காது. பாய்மரத்தின் முழுப் பாரத்தையும் படகின் அடிவயிற்றில் தாங்குகிற இந்தக் கட்டையோ, ஊசியைப் பிடிவரைக்கும் விழுங்கியது. எடுத்த பிறகு பிசைந்த மாவைப்போல மெல்ல எழும்பி வாயை மூடிக்கொண்டது. படகு தண்ணீரைப் பார்த்து வருஷக்கணக்காகிறது. கரையில், கான்கிரீட் தரையில், முட்டுக்கட்டைகள்மேல் ஏறி நின்று காய்கிறது. ஆனாலும் கட்டை ஈரம். தொட்டால் வெதுவெதுப்பு.

"என்ன சகல, கட்டைக்கு ஊசி போடுறியா? காய்ச்சலா அதுக்கு?"

சகலை பின்னாலிருந்து சிரித்தான். அக்காளை இவனும் தங்கையை அவனும் கட்டி, ஒரே தொழிலில் சேர்ந்து கிடப்பவர்கள். ஓட்டை மூடியதைச் சொன்னால் இரண்டு வீட்டுப் பெண்களிடமும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான். தச்சன் ஊசியைத் துடைத்து இடுப்பில் செருகிக்கொண்டான்.

முறைப்படி, கிரேன் வைத்துப் பாய்மரத்தைத் தூக்கிய பிறகுதான் அடிக்கட்டையில் கை வைக்க வேண்டும். கிரேன்காரன் இன்று, நாளை என்று இழுத்தடித்தான். "லாரி ஜாக்கி இருக்குல்ல? அது தாங்காதா?" என்றான் சகலை. தச்சனுக்கும் அலுப்பு. பாய்மரத்தை இரண்டு பக்கமும் பலகை வைத்து இறுக்கி, ஜாக்கியில் நிறுத்திவிட்டுக் கட்டையை வெட்டத் தொடங்கினார்கள்.

மத்தியானம் மழை பிடித்தது. மேல்தளத்தில், கட்டியிருந்த தார்ப்பாய்க்கு அடியில் உட்கார்ந்து, பாய்மரத்தைச் சுற்றி மக்கிப்போன பலகைகளைத் தச்சன் பெயர்த்துக்கொண்டிருந்தான். சகலை கீழே உளியால் கட்டையைச் சுரண்டினான். மழைச் சத்தத்தில் பேச்சு கேட்காது. இப்படி மேலும் கீழுமாக வேலை பார்க்கும்போது இருவருக்கும் ஒரு பழக்கம் உண்டு. மேலே இருப்பவன் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினால் கீழே இருப்பவன் ஒரு தட்டுத் தட்ட வேண்டும். இருக்கிறேன் என்று அர்த்தம்.

தச்சன் தட்டினான். கீழிருந்து தட்டு வந்தது.

தார்ப்பாயின் நீலம் கை, உளி, பலகை எல்லாவற்றிலும் படிந்து, எல்லாமே தண்ணீருக்குள் கிடப்பதுபோல இருந்தது. பெயர்த்த இடத்திலிருந்து காளான் வாசனை வந்தது. அதற்கும் அடியிலிருந்து, நிறையப் பேர் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கிய அறையைத் திறந்தாற்போல ஒரு புழுக்கம். மறுபடி தட்டினான். தட்டு வந்தது, இந்தமுறை கொஞ்சம் அவசரமாக.

"சகல, ஒரு ஆப்புகூட சரியா அமையல!"

குரல் வெளியே ஏணியிலிருந்து வந்தது. தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு சகலை நனைந்தபடி ஏறி வந்துகொண்டிருந்தான்.

"நீ... கீழ இல்லையா?"

"உன் முதுகுக்குப் பின்னாலதான் ஏறிக் கொட்டகைக்குப் போனேன், எவ்ளோ நேரமாச்சு. ஆப்பு தேடிட்டிருந்தேன்."

"அப்ப தட்டினது யாரு?"

"எலியா இருக்கும். உன் சுத்தியலுக்கு மரியாதை குடுக்குற எலி."

தச்சன் அவன் கையைப் பிடித்தான். "இறங்காத சகல. கிரேன் வரட்டும். இந்த ஒரு தடவை நான் சொல்றதக் கேளு."

"என் பொண்டாட்டி மாதிரியே பேசுறியே!" கையை உதறிவிட்டு அவன் படகுக்குள் படியிறங்கிப் போனான்.

தச்சன் தட்டினான். கீழிருந்து ஒரு தட்டு. இருக்கிறான். தச்சனுக்கு மூச்சு வந்தது.

இன்னொரு தட்டு, படகின் முன்மூக்கிலிருந்து. இன்னொன்று, தன் முழங்காலுக்கு நேர் கீழே. அடுத்தது பாய்மரத்துக்குள்ளிருந்து.

"சகல! மேல வா!"

பாய்மரம் இறங்கியது.

சாயவில்லை. முறியவில்லை. இறங்கியது. அதில் கட்டியிருந்த கயிறுகள் தொய்ந்து அவன் தோளில் விழுந்தன. ஓராள் உயரம். இரண்டாள் உயரம். கீழே அவ்வளவு இடம் கிடையாது. ஜாக்கி நொறுங்கும் சத்தமும் இல்லை. யாரோ நிதானமாக விழுங்கும் சத்தம்.

"சகல, என்னை வெளிய எடுத்துடு."

கீழிருந்து வந்த சகலையின் குரலில் கேலி இல்லை. படியிறங்கும் வாசலில் தச்சன் எட்டிப் பார்த்தான். படிகள் இல்லை. வாசல்வரைக்கும் ஈர மரம் நிரம்பி, வழவழவென்று நின்றது.

ரம்பத்தை எடுத்துக்கொண்டு ஏணியில் விழுந்தடித்து இறங்கினான். படகுக்கடியில் மல்லாந்து படுத்தான். மேலே பலகை. கீழே கான்கிரீட். பாய்மரத்தின் அடிமுனைகூட வெளியே வரவில்லை. குரல் வந்த இடத்தில் அறுத்தான். மழை. ரம்பம். தன் மூச்சு. பலகை பிளந்தது.

ஒரு கை வெளியே வந்தது.

பிடித்துக்கொண்டான். சூடான கை. காய்ப்புக் காய்த்த, சகலையின் வலதுகை. அது இறுக்கிப் பிடித்தது.

"இழு சகல."

இழுத்தான். மணிக்கட்டு வந்தது. முழங்கை வந்தது. பக்கத்தில் இன்னொரு கை நுழைந்து வெளியே வந்தது. இடதுகை என்று எட்டிப் பிடித்தான்.

அதுவும் வலதுகை. அதே காய்ப்பு. அதே சூடு.

"இழு சகல," என்றது பலகைக்குப் பின்னாலிருந்து. சற்றுத் தள்ளி இன்னொன்று, அதே குரலில், "இழு சகல."

எதை விடுவது? எதை விட்டால் அவன் போய்விடுவான்?

இரண்டையும் விடாமல் பிடித்துக்கொண்டு கிடந்தான். மூன்றாவது கை இறங்கி அவன் சட்டையைப் பற்றியது. நான்காவது, அவசரமே இல்லாமல், இருட்டில் ஆளை அடையாளம் பார்ப்பதுபோல, அவன் முகத்தைத் தடவத் தொடங்கியது.