மூடிக்குள் ஐந்து முளைகள்

பிக்கப் வண்டிக்குள் கூரையின் அடியில், முன்கண்ணாடிக்கு மேலே இருந்த சின்ன மூடி மறுபடியும் பிசுபிசுத்தது. காலையில்தான் வெண்டல் அதைச் சோப்பு போட்டுத் தேய்த்திருந்தான். விரலை முகர்ந்து பார்த்தான். வெயிலில் கிடந்து நாறிப்போன பன்றிக் கொழுப்பின் வாடை. சீ!

செத்துப்போன ஒரு கிழவரின் சாமான்களோடு விற்பனைக்கு வந்த வண்டி அது. கராஜ் கதவைத் திறக்கும் ரிமோட்டை வைத்துக்கொள்ள அந்த மூடிக்குள் ஓர் அறை இருந்தது. மூடியின் உட்புறத்தில் சின்ன ஆப்புபோன்ற முளைகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி உயர்த்த வேண்டும். மூடியை வெளியிலிருந்து அமுக்கினால் அவை ரிமோட்டின் பொத்தானில் முட்டிக் கதவு திறக்கும். உள்ளே கிழவரின் நான்கு முளைகள் கிடந்தன. மஞ்சளாக, வழவழப்பாக, எதிலோ செதுக்கியவை மாதிரி. வெண்டல் ஒன்றை உதட்டில் கவ்விக்கொண்டு மற்றவற்றைப் பசை போட்டு ஒட்டினான். கடைசியில் அதையும் சேர்த்தான். அப்படியும் பொத்தானை எட்ட ஒரு நூல் அளவு குறைந்தது.

"கீழ இறங்கி கையாலயே திறந்துக்கோ, மகாராஜா," என்றாள் அவன் மனைவி ஜோலீன். "கை ஒண்ணும் தேஞ்சிடாது."

அன்று மாலை அவர்களுடைய ஆறு வயது மகள் மேரனுக்கு முன்பல் விழுந்தது. பல் தேவதை வந்து எடுத்துக்கொண்டு பதிலுக்குக் காசு வைத்துவிட்டுப் போகட்டும் என்று அதைத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டுத் தூங்கினாள்.

விடிந்தபோது பல் இல்லை. பதிலுக்கு ஒன்றும் இல்லை. தலையணை உறையில் கட்டைவிரல் அகலத்துக்கு ஓர் எண்ணெய்க் கறை மட்டும் இருந்தது.

"நீதான எடுத்த?" என்று கிசுகிசுத்தாள் ஜோலீன்.

"நீதான் எடுத்தேன்னு நான் நெனச்சேன்."

வெண்டல் கராஜுக்குப் போனான். கதவு முழுசாகத் திறந்து கிடந்தது. பனி உள்ளே வந்து வண்டிச் சக்கரம்வரை குவிந்திருந்தது. அதில் ஒரு காலடித்தடம்கூட இல்லை. வண்டியில் ஏறி மூடியைத் திறந்தான். வாடை முகத்தில் அறைந்தது. நான்கு மஞ்சள் முளைகளின்மேல் ஐந்தாவதாக ஒன்று. வெள்ளையாக. சின்னதாக. அடியில் காய்ந்த ரத்தம்.

அப்போதுதான் அந்த நான்கும் என்னவென்று புரிந்தது. தேய்ந்த பற்கள். எவன் வாயில் இருந்தவையோ! அவற்றில் ஒன்று தன் உதட்டில் இருந்ததை நினைத்ததும் உதட்டைச் சட்டைக் கையால் அழுத்தித் தேய்த்தான். ஸ்டியரிங்கின்மேலேயே வாந்தி எடுத்தான்.

ஐந்தையும் பெயர்த்துக் கழிப்பறையில் போட்டுத் தண்ணீரை இழுத்துவிட்டான். ரிமோட்டைச் சுத்தியலால் நசுக்கினான். வாயைக் கொப்பளித்தான், மறுபடி கொப்பளித்தான். கொழுப்பின் ருசி நாக்கைவிட்டுப் போகவில்லை. நாளைக்கே வண்டியைத் தள்ளிவிட வேண்டும், குழந்தை இருக்கும் வீட்டில் இந்த அசிங்கம் ஒரு நாளும் இருக்கக் கூடாது என்று ஜோலீனிடம் சத்தியம் செய்தான்.

பொழுது சாயும்போது மேசையில் சூப் வைத்தாள் ஜோலீன். மேரனின் நாற்காலி காலி.

"மேரன்!"

 கராஜுக்குப் போகும் உள்கதவு ஒருக்களித்திருந்தது. கைப்பிடி பிசுபிசுத்தது.

உள்ளே இருட்டு. வண்டிக்குள் மட்டும் விளக்கு. அந்த வாடை, இப்போது சூடாக.

மேரன் ஓட்டுநர் இருக்கையில் ஏறி நின்றிருந்தாள். அண்ணாந்து. வாயை ஆவென்று திறந்து. பல் டாக்டரிடம் காட்டுவதுபோல, சமத்தாக. உதட்டோரம் ரத்தம் வழிந்தது. இருக்கையில் இரண்டு வெள்ளைப் பற்கள் கிடந்தன.

கூரையில் மூடி திறந்திருந்தது. ஒரு கை நுழைய முடியாத அந்தச் சின்ன அறைக்குள்ளிருந்து இரண்டு தடித்த விரல்கள் தொங்கின. எண்ணெய் சொட்டச் சொட்ட, மஞ்சள் நகங்களோடு. அவை அவளுடைய அடுத்த பல்லைப் பிடித்து, அவசரமே இல்லாமல், முன்னும் பின்னும் ஆட்டிக்கொண்டிருந்தன.