ஆளில்லாத் தகடு

இருநூறு வருடத்துப் பழைய இரும்பில் யாரோ ஒரு கைக்கடிகாரத்தைச் செதுக்கியிருந்தார்கள்.

பழம்பொருளுக்கு மதிப்புப் போட வந்திருந்த சிசாதோ, வீட்டுக் கிடங்கில் உட்கார்ந்து லென்ஸைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள். கடிகாரமேதான். தோல்வார், முள், சாவி கொடுக்கும் குமிழ். வாளின் அலகுக்கும் பிடிக்கும் நடுவே கையைக் காக்கும் வட்டத் தகட்டில் கொக்கு இருக்கலாம், பைன் மரம் இருக்கலாம். கடிகாரம் இருக்க நியாயமே இல்லை. பக்கத்தில் ஒரு தொப்பி, மடித்து வைத்த மூக்குக்கண்ணாடி.

"என்னம்மா, மாப்பிள்ளை போட்டோ பாக்குற மாதிரி அதையே முறைக்கிற?" என்று தொயோகோ தேநீரை வைத்தாள். செத்துப்போன கணவர் சேர்த்ததை எல்லாம் ஏலத்துக்கு அனுப்பக் கிளம்பியிருக்கும் வீட்டுக்காரி. "போன தடவை கியோத்தோலருந்து ஒருத்தர் வந்தார். பெரிய மேதாவி. 'இதுல யாருமில்ல, கண்டவன் கைவேலை'ன்னு திட்டிட்டே உக்காந்திருந்தார். நான் சாப்பாட்டோட வந்து பாத்தா ஆளே இல்ல. சொல்லாமக் கொள்ளாமப் போயிட்டார்."

"இது ஆளில்லாச் சித்திரம்மா. சாமானை மட்டும் செதுக்குவாங்க, ஆளைச் செதுக்க மாட்டாங்க. உரலும் உலக்கையும் இருந்தா நிலாவுல மாவு இடிக்கிற முயல். தூண்டிலும் மீனும் இருந்தா மீனவங்க கும்பிடுற எபிசு சாமி. இல்லாத ஆளு யாருன்னு பேரைச் சொல்லணும், அதுதான் எங்க வேலை."

"சரி, இது யாரு?"

சிசாதோவுக்குப் பொறுமை இல்லை. கனாசாவாவில் காலையிலிருந்து பனி கொட்டுகிறது. இருட்டுவதற்குள் குழந்தைகள் காப்பகத்திலிருந்து மகள் கொஹருவைக் கூட்டிவர வேண்டும். போன வாரம் தாமதமானதற்கே, வாசலில் நின்ற குழந்தை அழக்கூடச் செய்யாமல் அவளைப் பார்த்தது. அந்தப் பார்வை இன்னும் நெஞ்சில் முள்ளாகக் கிடக்கிறது.

"யாருமில்லம்மா. போலி," என்று பெட்டிக்குள் போட்டாள்.

"ஈரம் உள்ள வந்தா இரும்பு துருப்பிடிக்கும். கதவு கனம், தள்ள முடியலேன்னா தட்டு, தொறக்கிறேன்." தொயோகோ கிடங்கின் கனத்த மண்கதவை வெளியிலிருந்து இழுத்து மூடினாள். அந்தச் சுவருக்குள் செல்போன் எடுக்காது. அதனால்தான் காப்பகத்தில் இந்த வீட்டு எண்ணைக் கொடுத்துவிட்டு வந்திருந்தாள்.

ஒற்றை பல்பு, வாள்களுக்குப் பூசிய லவங்க எண்ணெயின் நெடி, கூரையிலிருந்து பனி வழுக்கி விழும் மெத்தென்ற சத்தம், அதற்குப் பின் காது அடைத்ததுபோல் ஒரு அமைதி. அந்த அமைதிக்குள் ஏதோ டிக் டிக்கென்று ஓடிக்கொண்டிருந்தது. சிசாதோ கடிகாரம் கட்டுவதில்லை. சத்தம் பெட்டியிலிருந்தும் வரவில்லை. அலமாரி மூலையில், ஆள் நின்றால் மணிக்கட்டு இருக்கும் உயரத்திலிருந்து வந்தது.

எலி எதையாவது உருட்டும் என்று தனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டு அவள் அந்தத் தகட்டைத் திரும்ப எடுத்தாள். கடிகாரமும் தொப்பியும் விளிம்புக்கு ஒதுங்கியிருந்தன. நடுவில் புதிதாக ஒன்று. பித்தளைப் பிடி வைத்த லென்ஸ். பிடியில் ஒரு கீறல், அவளுடைய லென்ஸில் இருப்பதைப்போல.

மேஜையைத் தடவினாள். லென்ஸ் இல்லை.

விரல்களில் இரும்பு சில்லென்றது. வெள்ளைக் கையுறை போட்டுத்தானே தொட்டாள்? வெறுங்கை. தகட்டில் ஒரு ஜோடி கையுறை, ஒன்றன்மேல் ஒன்றாக.

வாசலைப் பார்த்தாள். கழற்றி வைத்த பூட்ஸ் இல்லை. ஈரத் தடம் மட்டும்.

ஓடிப்போய்க் கதவைத் தள்ளினாள், அசையவில்லை. இரண்டு கையாலும் அடித்தாள். சத்தம் எழவில்லை. கத்தினாள். அதுவும் இல்லை.

கோட்டுப் பையில் கை போனது. கொஹருவின் சிவப்புக் கம்பளிக் கையுறை அதில் இருக்க வேண்டும், ஒற்றை. கட்டைவிரல் பிரிந்திருந்தது, தைக்க எடுத்து வந்தது.

பை காலி.

கதவு திறந்தது. வெளிச்சம். சிசாதோ பாய்ந்தாள். எவ்வளவு ஓடியும் வாசல் அதே தூரத்தில் இருந்தது.

"அடிப்பாவி, இவளும் போயிட்டாளா? டீயக்கூடத் தொடல." தொயோகோ உள்ளே வந்து தகட்டை எடுத்து வெளிச்சத்தில் சாய்த்தாள். நெற்றி சுருங்கியது. "கையுறை, பூட்ஸு... குழந்தை கையுறை வேறயா? இது யாரோடது?"

"என்னோடதும்மா! சிசாதோன்னு சொல்லுங்க. பேரை மட்டும் சொல்லுங்க!" அவள் தொண்டை கிழியக் கத்தியது அந்த முகத்தில் ஒரு ரோமத்தையும் அசைக்கவில்லை.

தொயோகோவின் உதடு எதையோ சொல்லத் திறந்தது. வீட்டுக்குள் போன் அடித்தது.

"இந்தா வரேன்!" அவள் தகட்டைப் பெட்டியில் போட்டாள். "யாருமில்ல, போலின்னு அவளேதான் சொன்னாளே."

கதவு மூடிக்கொண்டே வந்தது. மிஞ்சிய கீற்றின் வழியாக அவள் குரல் கேட்டது. "காப்பகமா? அவ அப்பவே கிளம்பிட்டாளே. அம்மா வந்துட்டே இருக்கான்னு பாப்பாகிட்ட சொல்லுங்க."

இருட்டு. மூலையிலிருந்த டிக் டிக் மெல்ல நடந்து வந்து அவள் பக்கத்தில் நின்றது. ஒரு சில்லிட்ட கை அவள் கையைப் பிடித்துக்கொண்டது.