கிளிமீனா, இல்லையா?

லீமாவின் வீட்டில் ஒரு மீன் செத்துக்கொண்டிருந்தது. அது என்ன மீன் என்றுகூட யாருக்கும் தெரியவில்லை.

கொடைக்கானல் மலையில் கடல் மீனுக்கு என்ன வேலை என்று கேட்கிறீர்களா? எல்லாம் மாமா சிலுவைராஜ் செய்த கூத்து. உருளைக்கிழங்கு லாரி ஓட்டிக்கொண்டு மண்டபம் கடற்கரைப் பக்கம் போனவர், வலையில் சிக்கிய இரண்டு குட்டி மீன்களை வாங்கி வந்துவிட்டார். கூடவே பெரிய பெரிய கண்ணாடிச் சாடிகளில் கடல் தண்ணீர், கடல் கற்கள். போன தடவை அவர் கொண்டு வந்தது ஒரு ஆமை. அதற்கு இது எவ்வளவோ பரவாயில்லை.

லீமாவின் அப்பா ஜெபதுரை, பங்களாக்களுக்கு ஜன்னல் கண்ணாடி மாட்டுகிறவர். மிச்சமான கண்ணாடிகளை ஒட்டி ஒரு தொட்டி செய்தார். குளிர் தாங்காதே என்று அதை அடுப்புச் சுவரை ஒட்டி வைத்தார்கள். சைக்கிள் பம்பால் தண்ணீருக்குள் காற்றடிப்பது லீமாவின் வேலை.

போன வாரம் ஒரு மீன் செத்துப்போனது. லீமா அதைப் பேரிக்காய் மரத்தடியில் புதைத்தாள்.

இப்போது மற்றதும் சாப்பிடவில்லை. மண்புழு போட்டால் திரும்பிக்கொண்டது. ரொட்டி, முட்டை மஞ்சள், எதையும் தொடவில்லை. வயிறு ஒட்டிப்போய், மூலையில் நின்று கண்ணாடியில் வாயை முட்டிக்கொண்டே இருந்தது.

"வலி தாங்காம முட்டுதும்மா," என்றாள் லீமா.

"ஏங்க, இது கிளிமீனா இருக்குமோ?" என்று அம்மா சகாயராணி கேட்டாள்.

"நானும் கிளிமீனப் பாத்திருக்கேன். பச்சையும் நீலமுமா மின்னும். இது மண்ணு நெறத்துல கோடு போட்டுக் கெடக்கு. கிளியாம் கிளி! காக்கான்னு வேணா சொல்லு," என்றார் அப்பா.

லீமாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

அம்மா தன்னால் முடிந்ததைச் செய்தாள். தினமும் வெள்ளனே எழுந்து, தேங்காய் நாரால் தொட்டியையும் உள்ளே கிடந்த கற்களையும் பளிச்சென்று தேய்த்தாள். மூடுபனி ஊரில் பாசி பிடிக்காத இடம் ஏது? படியில் பாசி, சுவரில் பாசி, ஓட்டின் மேலும் பாசி. போன மழையில் படியில் வழுக்கிக் கையை ஒடித்துக்கொண்டதிலிருந்து அம்மாவுக்குப் பாசி என்றாலே ஆகாது.

"சுத்தமா இருந்தாத்தான் பொழைக்கும் புள்ள," என்றாள்.

ஆனால் மீன் இன்னும் மெலிந்தது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அம்மாவும் மகளும் சந்தைக்குப் போனார்கள். வடிவு அக்காவின் கருவாட்டுக் கடையில் லீமா சட்டென்று குனிந்தாள். ஒரு கருவாட்டின் வாயில் பற்கள் ஒன்றாகச் சேர்ந்து, கிளியின் அலகு மாதிரி இருந்தன. அவள் வீட்டு மீனுக்கும் அதே வாய்!

"அக்கா, இது என்ன மீனு?"

"கிளிமீனு."

"பச்சையாவே இல்லியே?"

"காஞ்சா எல்லாம் ஒரே நெறந்தான்."

நிறம் போனாலும் இது கிளிமீன்தான். அப்படியானால் நிறம் இன்னும் வராத குட்டி மட்டும் கிளிமீன் இல்லையா? கோழிக்குஞ்சு சேவல் நிறத்திலா பிறக்கிறது?

"இது என்னக்கா திங்கும்?"

"அத நான் என்னத்தக் கண்டேன்? மனுசங்க இதத் திங்கிறதுதான் எனக்குத் தெரியும். வாங்குறியா, இல்லியா?"

லீமா வீட்டுக்கு ஓடினாள். மீன் தொட்டியின் அடியில் ஒருக்களித்துக் கிடந்தது. செவுள் மட்டும் லேசாக அசைந்தது.

பின்னாலேயே மூச்சிரைக்க வந்த அம்மா அதைப் பார்த்தாள். "முடிஞ்சிருச்சும்மா. அழாத," என்று மகளை அணைத்துக்கொண்டாள்.

லீமா அழுதாள். அழுதுகொண்டே, மீன் முட்டிய மூலையைப் பார்த்தாள். இரண்டு கண்ணாடிகள் சேரும் இடுக்கு அது. அம்மாவின் நார் எட்டாத இடம். அங்கே மெல்லிய பச்சைக் கோடு. அதில் சின்னச் சின்னதாய்ச் சுரண்டிய தடங்கள்.

"அம்மா! அது வலியில முட்டல. பாசியச் சுரண்டித் தின்னுருக்கு! அதுக்குத்தான் அலகு!"

அம்மாவின் முகம் வெளுத்தது. "மாதாவே! அப்ப அதப் பட்டினி போட்டது நானா?"

"நீ நல்லதுக்குத்தானம்மா தேச்ச. பாசி புடிச்ச கடல் கல்லு ஒண்ணாவது இருக்கா?"

"எல்லாத்தையும் தேச்சுட்டேனே..." அம்மாவின் குரல் உடைந்தது.

எல்லாவற்றையுமா? லீமா பின் ஜன்னலுக்கு ஓடினாள். மிச்சக் கடல் தண்ணீர் இருந்த சாடி அங்கே வெயிலில் நின்றது. அதன் அடியில் மறந்துபோன ஒரு கல், பச்சைப் பசேலென்று!

அதை எடுத்து மீனின் வாயருகே மெதுவாக வைத்தாள். மீன் அசையவில்லை. அப்பா வந்து பம்பை எடுத்துக் காற்றடித்தார். அம்மா ஜெபமாலையை எடுத்துக்கொண்டாள். வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. இதுவும் போய்விடும் என்று லீமா கண்ணை மூடிக்கொண்டாள்.

கரக்.

கண்ணைத் திறந்தாள். மீன் தள்ளாடியபடி நிமிர்ந்திருந்தது. கல்லில் வாயை வைத்தது. கரக், கரக்.

"அட, கிளியேதான்!" என்றார் அப்பா.

மறுநாள் காலையில் அம்மா படியைத் தேய்த்தாள், சுவரைத் தேய்த்தாள், நாரோடு தொட்டிக்கு வந்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு நாரை ஆணியில் மாட்டிவிட்டு, "வெரசா வளரு," என்றாள், மீனிடமா பாசியிடமா என்று தெரியவில்லை.