அறுபது நரி, மூன்று உடல்

காலை 7.10. பள்ளிக்கூட மதிலுக்குப் பின்னால் மூன்றாவது நரி செத்துக் கிடந்தது. பக்கத்தில் பாதி தின்ற விஷ இறைச்சி.

"பத்து நாளா மருந்து வைக்கிறாங்க. மொத்தமே மூணுதான் செத்திருக்கு," என்றார் வன அதிகாரி. "நீ அறுபதுன்னு சொன்னியே புள்ளி, மிச்சமெல்லாம் எங்க?"

புள்ளிவிவரமே கதியென்று கிடப்பதால் அவளுக்கு அந்தப் பெயர். கொல்லையில் நரி தென்பட்டால் ஜனங்கள் போனில் தேடுவார்கள். அந்தத் தேடல்களை வைத்து ஊருக்குள் எத்தனை நரி என்று மதிப்பிடுவது அவள் வேலை. அவள் தந்த எண்ணை நம்பித்தான் நகரசபை விஷத்துக்கு அனுமதித்தது. பதினொரு மணிக்கு இன்னொரு மாதம் நீட்டிக்கப் போகிறார்கள்.

"யாரோ வேணும்னே தேடித் தேடி என் கணக்க ஊதிவிட்டிருக்காங்க சார்!"

7.45. கோழிப்பண்ணை.

"நரியப் பத்தித் தேடினீங்களா?"

"தேடாம? நாலு கோழி போச்சே!" என்று எகிறினார் பண்ணைக்காரர்.

"எப்போ தேடுவீங்க?"

"விடியக்காலைல, கூட்டத் திறக்கறப்போ. ஞாயித்துக்கிழமைகூட எனக்கு லீவு கிடையாதும்மா."

8.20. விஷம் வைக்கும் ஒப்பந்தக்காரரின் அலுவலகம். பூட்டிய கதவில் பலகை: திங்கள் முதல் சனி வரை, 10 – 5. உணவு இடைவேளை 1 – 2.

வாசலில் டப்பாக்களை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்த ஒப்பந்தக்காரர் சிரித்தார். "எல்லாம் ஒளிஞ்சுகிட்டிருக்கு மேடம். இன்னும் ஒரு மாசம் குடுங்க, வழிச்சு எடுத்துடறேன்."

9.30. யார் தேடினார்கள் என்பது அவளுடைய தரவில் இருக்காது. எந்தப் பேட்டை, எந்த நேரம் என்பது மட்டுமே. மணிவாரியாகப் பிரித்துப் போட்டாள். அடுத்த நொடி நாற்காலியை விட்டுத் துள்ளி எழுந்தாள்.

"சார், வண்டிய எடுங்க!"

11.05. நகரசபைக் கூடம். தலைவர் பேனாவைத் திறந்துவிட்டார்.

"கையெழுத்துப் போடாதீங்க! நான் குடுத்த எண் தப்பு!" மூச்சு வாங்கியது அவளுக்கு. "நரி அந்தியிலயும் விடியல்லயும்தான் வெளிய வரும். மத்த பேட்டைல தேடலும் அப்பத்தான் ஏறுது. ஒரே ஒரு பேட்டைல மட்டும் பத்துலேர்ந்து அஞ்சு வரைக்கும் கொட்டுது. ஒரு மணிக்கு நின்னுடுது, ரெண்டு மணிக்குத் திரும்ப ஆரம்பிக்குது. ஞாயித்துக்கிழமை சுத்தமா இல்ல. எந்த நரி சாப்பாட்டு இடைவேளை பாத்து வரும்?" ஒப்பந்தக்காரர் பக்கம் திரும்பினாள். "அது உங்க ஆபீஸ் இருக்கற பேட்டை, உங்க ஆபீஸ் நேரம்."

"அபாண்டம்!" என்று அவர் மேசையைத் தட்டினார்.

அவருடன் கோப்பு தூக்கி வந்த டைப்பிஸ்ட் அம்மாவின் முகம் வெளுத்தது. "நீங்கதானே சார், தினமும் ஆளுக்கு இருபது தடவ தேடச் சொன்னீங்க? ஏதோ விளம்பரத்துக்குன்னு நினைச்சோமே!"

கூடம் கொந்தளித்தது. வன அதிகாரி ஒப்பந்தக்காரரின் தோளில் கை வைத்தார். தலைவர் உத்தரவை நாலாகக் கிழித்துப் போட்டுவிட்டுக் கேட்டார்: "அப்ப நிஜமா எத்தனை நரிம்மா இருக்கு?"

"பத்துக்குள்ளதான். போலித் தேடல கழிச்சுட்டு சரியாச் சொல்ல ஒரு வாரம் குடுங்க."

"அதுவரைக்கும் என்ன பண்றது?"

"கோழிக்கூட்டுக்கு ஒரு நல்ல தாழ்ப்பாள் போடச் சொல்லுங்க!"